வெளிமாநிலத்தில் வண்டி ஓட்டும் உரிமை போனால்: அமெரிக்காவில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் வர்ஜீனியா வழியாக நார்த் கரோலினா போகிறார், வழியில் அதிவேகத்துக்காகப் போலீஸ் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வர்ஜீனியா கோர்ட்டால் அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய முடியாது. கொடுத்தது நியூ ஜெர்சி, எடுக்க வேண்டியதும் நியூ ஜெர்சிதான். ஆனால் வர்ஜீனியா சாலைகளில் அவர் ஓட்டக் கூடாது என்று வர்ஜீனியா உத்தரவு போடலாம். வெளிமாநில வண்டிகளையும் ஓட்டுநர்களையும் கட்டுப்படுத்த ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1915-லேயே மேரிலாண்ட் வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. லைசென்ஸ் கார்டு பர்ஸில் பத்திரமாக இருக்கிறது, காலாவதித் தேதி இன்னும் மூன்று வருடம் தள்ளி இருக்கிறது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அந்த கார்டு செல்லும், ஆனால் ஒரு மாநிலத்தில் மட்டும் செல்லாது. அது தெரியாமல் ஆறு மாதம் கழித்து அதே வழியில் குடும்பத்தோடு போகும்போது போலீஸ் நிறுத்தினால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும். நிறுத்தி வைக்கப்பட்ட உரிமையோடு ஓட்டுவது வர்ஜீனியாவில் கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

வர்ஜீனியாவைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தெற்கே போக ஐ-95 நெடுஞ்சாலையைத்தான் பிடிக்கிறார்கள். அங்கே வேக வரம்பைவிட மணிக்கு 20 மைல் அதிகமாகப் போனாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ, அது பொறுப்பற்ற முறையில் ஓட்டிய குற்றம். வரம்பு 70 உள்ள இடத்தில் 86-ல் போனாலே போதும். மற்ற பல மாநிலங்களில் சாதாரண டிக்கெட்டோடு, அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டோடு, முடிகிற வேகம் இங்கே கிரிமினல் வழக்காகிறது. நீதிபதி நினைத்தால் ஆறு மாதம் வரை ஓட்டும் உரிமையையும் நிறுத்தி வைக்கலாம். போலீஸ்காரர் சாலையோரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதால், நம்மவர்கள் அதையும் ஆன்லைனில் பணம் கட்டித் தீர்க்கிற டிக்கெட் என்றே நினைக்கிறார்கள். இதை அப்படிக் கட்டிவிட முடியாது. கோர்ட் தேதி இருக்கும். பெரும்பாலும் உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்தால் நீங்கள் நேரில் போகாமலே அவர் ஆஜராக முடியும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குடியுரிமை விண்ணப்பத்தில் கைது, வழக்கு, தண்டனை பற்றிய கேள்விகள் உண்டு. கிரிமினல் தண்டனையை அங்கே மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

சாதாரண டிக்கெட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. “தொல்லை விட்டது” என்று அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்தத் தகவல் சொந்த மாநிலத்துக்குப் போகும். போன பிறகு என்ன ஆகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி, வெளிமாநில டிக்கெட்டுக்கு 2 பாயின்ட் (ஓட்டுநர் பதிவில் ஏறும் தவறுப் புள்ளி) போடும். நியூயார்க்கோ கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் தவிர வேறு எங்கிருந்து வந்த சாதாரணப் போக்குவரத்துத் தண்டனைக்கும் பாயின்ட் போடாது. எனவே நியூயார்க் நண்பர் “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்வதை நம்பி நியூ ஜெர்சிக்காரர் பணம் கட்டக் கூடாது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். நியூயார்க்கில் பிடிபடும் வெளிமாநிலத்தார் மேல் நியூயார்க் தன் கணக்கில் பாயின்ட் ஏற்றும். 6 பாயின்ட் சேர்ந்தால் டிக்கெட் அபராதத்துக்கு மேல் வருடத்துக்கு 100 டாலர் வீதம் மூன்று வருடம் கட்டச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் வரும். கோர்ட்டில் கட்டிய பணத்தோடு கணக்கு முடிந்தது என்று அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டால் நியூயார்க்கில் ஓட்டும் உரிமை போய்விடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது பதில் சொல்லாமல் இருப்பது. “வேறு மாநிலம்தானே, இங்கே வந்து என்ன செய்யப் போகிறார்கள்” என்ற எண்ணம். 1960-களிலிருந்து மாநிலங்களுக்குள் லைசென்ஸ் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் சேர்ந்து, தண்டனை விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. 1977-லிருந்து இன்னொரு ஒப்பந்தமும் நடைமுறையில் இருக்கிறது. வெளிமாநில டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாவிட்டால், அதைத் தீர்க்கும்வரை சொந்த மாநிலமே லைசென்ஸை நிறுத்தி வைக்க அது வழி செய்கிறது. பார்க்கிங் டிக்கெட் அதில் வராது. கலிஃபோர்னியா, மிச்சிகன் போன்ற சில மாநிலங்கள் இந்த இரண்டாவது ஒப்பந்தத்தில் இல்லை. அதைக் காரணம் காட்டித் தப்பிக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் தேசிய ஓட்டுநர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஓட்டும் உரிமை நிறுத்தப்பட்டவரின் பெயர், பிறந்த தேதி, எந்த மாநிலம் நிறுத்தியது என்ற விவரம் அதில் ஏறிவிடும். புது லைசென்ஸ் கொடுக்கும் முன் மாநிலங்கள் அதைப் பார்க்கின்றன. வேலை மாறி டெக்சாஸ் போய் லைசென்ஸ் கேட்கும்போது, எட்டு வருடத்துக்கு முன்னால் வேறெங்கோ விட்டுவந்த டிக்கெட் கவுன்டரில் வந்து நிற்பது இப்படித்தான். அமெரிக்காவில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊர்களே அதிகம். அந்த நேரத்தில் லைசென்ஸ் கிடைக்காமல் போனால் வீடே ஸ்தம்பித்துவிடும்.

வேண்டுமென்றே பதில் சொல்லாதவர்கள் குறைவு. பலருக்குக் கடிதமே வந்து சேர்வதில்லை. அபார்ட்மென்ட் மாறியதை பேங்குக்குச் சொல்வார்கள், அமேசானில் மாற்றுவார்கள், லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகமான டி.எம்.வி.யில் (சில மாநிலங்களில் இதற்கு வேறு பெயர்) மாற்ற மறந்துவிடுவார்கள். லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் கடிதம் போகும். நியூயார்க்கில் முகவரி மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மற்ற மாநிலங்களுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. அப்புறம் நம் பெயர்கள். இனிஷியல், அப்பா பெயர், ஒற்றைப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் லைசென்ஸில் ஒரு மாதிரியும் இருக்கும். டிக்கெட்டில் போலீஸ்காரர் மூன்றாவது மாதிரி எழுதுவார். டிக்கெட் கையில் கிடைத்ததும் பெயரும் லைசென்ஸ் எண்ணும் கார்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டியும் அது உங்கள் பதிவில் சேராமல் தொங்கும்.

மது அருந்தி ஓட்டிய வழக்கு தனி. இதில் கோர்ட் ஒரு பக்கம், டி.எம்.வி. ஒரு பக்கம் என்று இரண்டு நடவடிக்கைகள் ஒரே நேரத்தில் ஓடும். கோர்ட் தேதி இரண்டு மாதம் கழித்துத்தானே என்று காத்திருப்பவர்கள், டி.எம்.வி. விசாரணை கேட்கும் கெடுவைத் தவறவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் அது 10 நாள், டெக்சாஸில் 15 நாள். லைசென்ஸைப் பறிக்கும் முன் ஒருவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1971-ல் ஜார்ஜியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் நாமாகக் கேட்டால்தான் அந்த விசாரணை நடக்கும். கைதுக்குப் பிறகு சட்டப்படி எடுக்க வேண்டிய ரத்த அல்லது மூச்சுப் பரிசோதனையை மறுத்தால் தப்பிக்கலாம் என்ற பேச்சும் தவறு. மறுத்ததற்காகவே கலிஃபோர்னியாவில் முதல் முறையிலேயே ஒரு வருடம் உரிமை போகும். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. தண்டனை வரும் முன்பே, கைதை வைத்து மட்டும் விசா ரத்தாவதுண்டு. ஆகவே குற்றவியல் வக்கீலோடு குடிவரவு வக்கீலிடமும் பேச வேண்டும்.

இந்திய லைசென்ஸோடு சுற்றுலா வந்து வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். ஊருக்குத் திரும்பிவிட்டால் தீர்ந்தது என்று இல்லை; பின்னாளில் வேலைக்கு வந்து லைசென்ஸ் கேட்கும்போது பழைய டிக்கெட் குறுக்கே வரலாம்.

கடைசியாக, கெடு முடிந்ததும் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்று எண்ணுவது. ஆறு மாதத் தடை என்றால் ஏழாவது மாதம் வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. பல மாநிலங்களில் மீட்புக் கட்டணம் கட்ட வேண்டும், சில வழக்குகளில் வகுப்பு முடித்த சான்றும் காப்பீட்டுச் சான்றும் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு தடை நீங்கியது என்ற கடிதத்தை அந்த மாநிலத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கணினியில் ஏறச் சில நாளாகும் என்பதால் சொந்த மாநில டி.எம்.வி.க்குப் போகும்போது அந்தக் கடிதத்தையும் பணம் கட்டிய ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த முறை அந்த மாநிலத்துக்குள் ஓட்டும் முன், உங்கள் ஓட்டுநர் பதிவேட்டின் நகலை அந்த மாநில டி.எம்.வி.யிலேயே வாங்கி, தடை எதுவும் மிச்சமில்லை என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.