கிளாட் எந்த வருஷம் எழுதறது: பெங்களூர் பசங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர்ல நம்ம தமிழ் வீடுகள்ல லா படிக்கணும்னு சொல்ற பசங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க, நாகர்பாவியிலயே நேஷனல் லா ஸ்கூல் இருக்கிறப்போ ஆசை வராதா என்ன. ஆனா அந்த மாதிரி நேஷனல் லா காலேஜ்ல சேர எழுதற நுழைவுத் தேர்வான கிளாட்ட எப்போ எழுதறதுன்னு முடிவு பண்றதுலதான் நல்லா படிக்கிற பசங்களே கோட்ட விடறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

செகண்ட் பி.யூ.சி, அதாவது பன்னெண்டாவது, முடிச்சுட்டு எழுதிக்கலாம்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. முன்னாடி மே மாசம் நடந்துச்சு, அந்தக் காலத்துல எழுதின அண்ணன் அக்காங்க இன்னும் அப்படியேதான் சொல்லித் தர்றாங்க. 2022 டிசம்பர்லேர்ந்து கிளாட் டிசம்பர் பரீட்சை ஆயிடுச்சு, அதாவது செகண்ட் பி.யூ.சி படிக்கும்போதே, போர்டு எக்ஸாமுக்கு மூணு மாசம் முன்னாடியே எழுதணும். அப்ளிகேஷன் ஜூலை ஆகஸ்ட் வாக்குல திறந்து அக்டோபரோட மூடிடும், சில வருஷம் கடைசி தேதிய நீட்டிச்சாங்கதான், ஆனா அத நம்பி உக்காராதீங்க.

அடுத்தது, "இந்த தடவ ரெடி ஆகல, டிராப் எடுத்து அடுத்த வருஷம் எழுதறேன்"னு முதல் சான்ஸையே விடறது. இதுதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். டிராப் வருஷம்னு பேருதான், மார்ச்ல போர்டு முடிஞ்சா டிசம்பர் வரைக்கும் எட்டு மாசம்தான் கையில இருக்கும், அதுக்குள்ள நீங்க படிச்சு வெச்ச கரண்ட் அஃபேர்ஸ் பாதி பழசாயிடும், மறுபடி மொதல்லேர்ந்து. கிளாட்டுக்கு உச்ச வயசு வரம்பு இல்ல, இத்தன தடவதான் எழுதலாம்னும் இல்ல, ஸ்கோரும் அந்த வருஷ அட்மிஷனுக்கு மட்டும்தான், அதனால கம்மியா வாங்கினா அடுத்த வருஷத்துக்கு அது ஒட்டிக்கிட்டு வராது. அப்புறம் பயந்து ஒதுங்கறதுல என்ன லாபம் சொல்லுங்க?

டிராப் எடுக்கலாமாங்கிறத மாக் டெஸ்ட் பேப்பர வெச்சு முடிவு பண்ணுங்க, ரிசல்ட் வந்த அன்னிக்கு அழுதுகிட்டே முடிவு பண்ணாதீங்க. 120 நிமிஷத்துல 120 கேள்வி, தப்புக்கு கால் மார்க் மைனஸ், பெரிய பெரிய பேசேஜா வரும். கடைசி இருபது கேள்விய தொடவே முடியலன்னா அது ஸ்பீடு பிரச்சன, எட்டு மாசம் தினமும் படிச்சா சரியாகும். எல்லாத்தையும் அட்டெம்ப்ட் பண்ணி குருட்டாம்போக்குல மார்க்க இழக்கிறீங்கன்னா, மொதல்ல அந்தப் பழக்கத்த விடணும், அது மாறாம இன்னொரு வருஷம் உக்காந்தாலும் அதே மார்க்தான் வரும்.

டெல்லி துவாரகாவில இருக்கிற நேஷனல் லா யுனிவர்சிட்டி கிளாட்ட எடுத்துக்காது, அதுக்கு ஏய்லெட்னு தனி பரீட்சை, தனி அப்ளிகேஷன், அதுவும் டிசம்பர்லதான். இத நவம்பர்ல தெரிஞ்சுக்கிட்டு தவிக்கிறவங்க இருக்காங்க. மகாராஷ்டிரா லா காலேஜ்களுக்கான நுழைவுத் தேர்வு சி.இ.டி மட்டும் போர்டுக்கு அப்புறம் வரும், அத ரெண்டாவது சான்ஸா வெச்சுக்கலாம்.

டிசம்பர் முடிஞ்சதும் புக்க மூடி வெச்சுடாதீங்க. கிளாட்ல வந்த சீட்டுக்கே பொதுப் பிரிவுக்கு பன்னெண்டாவதுல 45 சதவீதம் வேணும், சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல அஞ்சு வருஷ கோர்ஸ் நுழைவுத் தேர்வே இல்லாம பன்னெண்டாவது மார்க்க வெச்சுதான் கிடைக்குது.

கர்நாடகாவில பத்து வருஷம் ஸ்கூல் காலேஜ் படிச்ச பசங்களுக்கு நாகர்பாவி நேஷனல் லா ஸ்கூல்ல தனி ஒதுக்கீடு இருக்கு, நம்ம வீட்டுப் பசங்க நிறைய பேர் அதுல வருவாங்க. வீட்ல தமிழ் பேசறோம்னு அது நமக்கு இல்லன்னு நினைச்சு ஃபார்ம்ல அந்தக் கட்டத்த விட்டுடாதீங்க, ஸ்டடி சர்டிஃபிகேட்ட செப்டம்பர்லயே ஸ்கூல்ல போய் கேட்டு வாங்கி வெச்சுடுங்க.