லாரி பாலிசியில் ஐ.எம்.டி. 23 இருக்கிறதா?

‘ஃபுல் இன்சூரன்ஸ்தானே’ என்று நம்பி லாரியை லோடுக்கு அனுப்பிவிடாதீர்கள். சரக்கு வண்டிப் பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் கவர் சேர்க்கவில்லை என்றால், பம்பர், பானட், மட்கார்டு, ஹெட்லைட், டயர், பெயின்ட் எதற்கும் பகுதிச் சேதத்தில் பணம் வராது. முன்னால் போகிற வண்டியில் லேசாக இடித்தாலே முதலில் நசுங்குவது இவைதான்!

ரினியூவல் கொட்டேஷன் கைக்கு வந்ததும், பிரீமியத்தைப் பார்க்கும் முன் இந்த எண்ணைத் தேடுங்கள். இரண்டு கொட்டேஷனில் ஒன்று மட்டும் மலிவாக இருந்தால், இந்தக் கவரை நீக்கியிருக்கிறார்களா, ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பைக் குறைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஐ.டி.வி. குறைந்தால் வண்டி திருடுபோகும்போது கிடைக்கும் தொகையும் குறையும்.

பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் கிளைம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும். பாலிசி முடியும் தேதியோடு எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் தேதிகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். கிளைமில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அவற்றையும் கேட்பார்.