உலகமயமாதல் 1991இல் பிறக்கவில்லை: வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

மும்பை தாராவியில் மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன். ஆண்டுதோறும் விடைத்தாளில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: "உலகமயமாதல் 1991இல் தொடங்கியது." பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல் பொருளியல் புத்தகத்தில் 1991 சீர்திருத்தத்தோடு வருகிறது. கப்பல், பருத்தி, ஒப்பந்தக் கூலிகள் எல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில். வேறு பீரியட், வேறு நோட்டு. இரண்டும் ஒரே கதை என்று சேர்த்துக் காட்ட ஆள் வேண்டும்.

அதனால் முதல் வகுப்பில் சாம்பாரைப் பற்றித்தான் கேட்பேன். அதில் மிளகாய் எப்போது விழுந்தது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. அந்தப் பெயரையே புதிய காய்க்கும் ஒட்டிக்கொண்டோம். தக்காளி, உருளைக்கிழங்கும் அப்படிக் கடல் கடந்தவைதான். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்களும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. பொருளும் சொல்லும் ஆளும் இப்படிக் கடல் கடந்து கலப்பதுதான் உலகமயமாதல். 1991இல் நடந்தது தாராளமயமாக்கல். உரிமக் கட்டுப்பாடுகளும் இறக்குமதித் தடைகளும் தளர்ந்தன, அந்நிய முதலீட்டுக்கு வழி விட்டார்கள். இரண்டு சொற்களையும் குழப்பினால் மார்க் போகும், கதையும் புரியாது.

அடுத்தது, ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது. 1861, அமெரிக்க உள்நாட்டுப் போர். 1875, தக்காணக் கலவரம். இரண்டையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. என்னை அதிகம் வருத்தும் தவறு இதுதான், ஏனென்றால் அந்தப் பாதை நம் ஊர் வழியாகவே போகிறது.

போருக்கு முன் பிரிட்டன் வாங்கிய பருத்தியில் முக்கால் பங்கு அமெரிக்காவிலிருந்து போனது. 1861இல் சண்டை மூண்டதும் வரத்து அடைபட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் இந்தியப் பருத்திக்கு அலைந்தன. விலை ஏறியது, பம்பாயில் பணம் கொட்டியது, வியாபாரிகள் பங்குகளிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளிலும் போட்டார்கள். தக்காணத்துக் கிராமங்களில் பருத்தி விதைக்கக் கேட்ட கடன் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி சந்தைக்குத் திரும்பியது, விலை சரிந்தது, பம்பாயில் கம்பெனிகளும் வங்கிகளும் விழுந்தன. கிராமத்தில் வட்டிக்காரர் கையை இறுக்கினார். அதே காலத்தில் நிலவரியும் ஏறியது. 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சூபா ஊரில் விவசாயிகள் திரண்டு வட்டிக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் எரித்தார்கள். அமெரிக்காவில் வெடித்த துப்பாக்கிக்கும் சூபாவில் எரிந்த பத்திரத்துக்கும் நடுவே 14 ஆண்டுகள். நடுவில் உள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் "ஏன்?" என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு ஆண்டு தானாக நினைவில் நிற்கும்.

இதே கதை இன்னொரு தவறையும் காட்டும். "உலகமயமாதலின் நன்மை, தீமை" என்று நடுவில் கோடு போட்டு இரண்டு பட்டியல் எழுதுகிறார்களே, அதில் யாருக்கு என்ற கேள்வியே இருக்காது. 1862இல் பம்பாய்ப் பருத்தி வியாபாரிக்கு நல்ல காலம். அதே ஆண்டில் பருத்தி இல்லாமல் ஆலை மூடிய லங்காஷயர்த் தொழிலாளி பட்டினி. தக்காண விவசாயிக்கு அன்று லாபம் மாதிரித் தெரிந்தது பிறகு கடனாக நின்றது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் ஆளை எழுதச் சொல்லுங்கள். விடை உடனே மாறும்.

மும்பையின் துணி மில்களைப் பற்றி எழுதும்போது ஒற்றைக் காரணத்தில் நின்றுவிடுகிறார்கள். "உலகமயமாதலால் மும்பை மில்கள் மூடப்பட்டன" என்பது நான் அடிக்கடி திருத்தும் வரி. முதலில் ஆண்டைப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையிலான மில் வேலைநிறுத்தம் 1982 ஜனவரி 18இல் தொடங்கியது. சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அது 1991க்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. இயந்திரங்கள் பழசாகியிருந்தன, நெசவு பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தது, மில் நிலத்தின் மதிப்பு துணியை விடப் பெரிதாக வளர்ந்தது. 1991க்குப் பின் அந்த நிலத்தில் மால்களும் அலுவலகங்களும் எழுந்ததில் புதிய பொருளாதாரத்துக்குப் பங்கு உண்டு. அதை அந்த இடத்தில் எழுத வேண்டும், முன்னால் இழுத்து வைக்கக் கூடாது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பழைய மில் பகுதியான லோயர் பரேலுக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பழைய புகைபோக்கி இன்னும் தெரியும்.

வரைபடம் இல்லாமல் படிப்பதும் வேண்டாம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது என்று எழுதினால் போதாது. முன்பு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த பாதையில் விரலை நகர்த்தி, பிறகு கால்வாய் வழியாக நகர்த்திப் பார்த்தால்தான் பம்பாய்த் துறைமுகம் ஏன் வளர்ந்தது என்று விரலுக்கே தெரியும். தேர்வில் "காரணம் கூறுக" என்றால் காரணத்தை எழுதுங்கள், நிகழ்ச்சியை மறுபடி சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.

அப்புறம், வீட்டுக் கதைகளை வரலாறு இல்லை என்று ஒதுக்குவது. திருநெல்வேலியிலிருந்து தாத்தா தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தது வரலாறுதான். ஆனால் கேட்டதை அப்படியே எழுதிவிடுவதும் தவறு. ஒரு மாணவி, தன் ஆச்சி "ஸ்ட்ரைக் வருசத்துல" ஊர்க் கல்யாணத்துக்குப் போக முடியாமல் அழுததாக எழுதி, பக்கத்தில் 1982 என்று போட்டிருந்தாள். மில் வேலைநிறுத்தத்துக்கும் ஊருக்குப் போவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்த் தேடி, பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்தாள். அதில் இருந்தது 1974, மே மாதம். நாடு முழுக்க ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த மாதம். 1982ஐ அடித்துவிட்டு, பத்திரிகையை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தாள்.