பனிக்கோட்டை விருந்துக்குப் பாண் கிண்ணம்

மாயாஜாலக் கதைகளின் பனிக்கோட்டை விருந்தைக் கொழும்பு டிசம்பரில் மேசைக்குக் கொண்டுவர, பாண் கிண்ணத்தில் கெட்டியான ஆட்டிறைச்சி ஸ்டூ போதும். ஆறு பேருக்கு இறைச்சி 1 கிலோ, பார்லி 100 கிராம், லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. இறைச்சியின் ஈரத்தைத் துடைத்து மூன்று பங்காகப் பிரித்துத் தனித்தனியாகப் பொரியுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டு அவிந்துபோகும். சட்டியில் கபில நிறம் பிடிக்காது, ருசியே அதில்தான். பிறகு ஒன்றரை லீற்றர் தண்ணீரில், மெல்லிய நெருப்பில் ஒன்றரை மணி நேரம். பார்லி கடைசி 45 நிமிடத்தில், மரக்கறி கடைசி 20 நிமிடத்தில்.

கிண்ணத்துக்கு முதல்நாள் வாங்கிய உருண்டைப் பாண்தான் சரி. புதுப் பாண் உடனே ஊறிவிடும். 2 செ.மீ. சுவர் விட்டுக் குடைந்து, அவனில் (ஓவன்) 180 பாகை செல்சியஸில் 10 நிமிடம் காயவையுங்கள். ஸ்டூவுக்கு மிளகு தாராளமாக. மிளகாய்த்தூள் போட்டால் அது வீட்டுக் கறிதான்.