பேன் மருந்து ஏன் பலிக்கவில்லை? கோழி, ஆடு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து போட்ட அன்றே பேன்கள் செத்து உதிர்கின்றன. மூன்று வாரம் கழித்து இறகை விலக்கிப் பார்த்தால் பழையபடி ஊர்கின்றன. உடனே மருந்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை: பேனைக் கொல்லும் மருந்து ஈரைக் கொல்லாது. கோழியின் உடல் பேன், இறகின் அடிக்குருத்தில் கொத்துக் கொத்தாக ஈர் வைத்துப் பசைபோல் ஒட்டிவிடும். அது 4 முதல் 7 நாளில் பொரிந்து, ஈர் வைத்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை ஈர் வைக்கத் தயாராகிவிடும். அதனால் முதல் முறை போட்டதிலிருந்து 10 முதல் 14 நாளுக்குள் இரண்டாம் முறை போட்டே ஆக வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்துவதுதான் எல்லாத் தவறிலும் பெரியது. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பேன் கண்ணில் படவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்தக் கணக்கு மிகவும் கைகொடுப்பது அடைக்கோழிக்கு. அடையில் இருக்கும் கோழி மண்ணில் புரளாது, அதனால் பேன் மளமளவென்று பெருகும். குஞ்சு பொரிந்ததும் தாயின் வயிற்றடியிலிருந்து அத்தனையும் குஞ்சுக்கு ஏறும். தலைப்பேன் ஏறிய குஞ்சு இறகைத் தொங்கவிட்டுச் சோர்ந்து நின்று, கடைசியில் செத்தும் போகும். முட்டை பொரிய 21 நாள். எனவே அடை வைக்கும் அன்று ஒரு முறை, பத்தாம் நாள் மறுமுறை என்று தாய்க்குப் பொடி போட்டுவிட்டால், குஞ்சு வெளிவரும்போது தாய் சுத்தமாக இருக்கும். பொடியை முட்டைமேல் கொட்ட வேண்டாம், கோழியின் உடலில் தேய்த்தால் போதும். பழைய அடைக்கூடையின் வைக்கோலை எரித்துவிட்டுப் புதிது போடுங்கள். பொரிந்தபின் குஞ்சுகளுக்குப் பெரிய கோழியின் மருந்தைப் போடவே கூடாது. தலையில் பேன் தெரிந்தால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவலாம்; உடம்பெல்லாம் பூசினால் குஞ்சு குளிரில் விறைத்துவிடும்.

மருந்து போடும் இடமும் தவறிப்போகிறது. முதுகில் தெளித்துவிட்டுக் கோழியை இறக்கிவிடுகிறார்கள். உடல் பேன் அதிகம் இருப்பது ஆசனவாயைச் சுற்றியும், நெஞ்சிலும், தொடையிலும், இறக்கைக்கு அடியிலும். கோழியைத் தலைகீழாகப் பிடித்து, அங்கெல்லாம் இறகை எதிர்ப்புறமாகக் கோதித் தோல்வரை எட்டும்படி போட வேண்டும். மருந்து நீரில் முக்குவதாக இருந்தால் வெயில் ஏறிய காலை நேரத்தில், தலை நனையாமல், கழுத்துவரை மட்டும். மழைநாளிலும் மாலையிலும் முக்கினால் பேனுக்கு முன்னால் கோழி செத்துவிடும்.

பேனா, சிவப்புச் செள்ளா என்று பார்க்காமலே மருந்து போடுவதும் உண்டு. பேன் வைக்கோல் நிறத்தில், பகலிலும் கோழியின் உடலிலேயே இருக்கும். கோழியை விட்டுப் பிரிந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. சிவப்புச் செள் இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுப் பகலில் கூண்டின் விரிசலிலும் கட்டையின் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். இரவில் டார்ச் அடித்து, கோழி உட்காரும் கட்டையை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புக் கறை பட்டால் மருந்து போட வேண்டியது கூண்டுக்கு.

பயிருக்கு வாங்கிய மருந்தை மாட்டுக்கும் ஆட்டுக்கும் அடிப்பது ஆபத்தானது. டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து கால்நடைக்கு 1.25 சதவீதத்தில் வருகிறது, பயிருக்கு 2.8 சதவீதத்தில். அதே மில்லி அளவில் கலந்தால் வீரியம் இரண்டு மடங்குக்கும் மேல். பயிர் மருந்தில் உள்ள கரைப்பான் தோலையும் எரிக்கும். மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு எண்ணெய் இரண்டும் அப்படித்தான் தோலைப் புண்ணாக்கும். தெளிக்கும் முன் ஆட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், உடம்பு காயும்வரை நக்கவிடாமல் வாய்க்கூடு கட்டுங்கள். மிச்சத்தைக் குட்டையில் ஊற்றினால் மீன் சாகும்.

வெள்ளாட்டில் ஐவர்மெக்டின் ஊசி போட்டும் பேன் போகவில்லை என்றால், அது ரத்தம் குடிக்காத கடிப்பேனாக இருக்கும். அகன்ற தலை, வெளிர் பழுப்பு நிறம், ரோமத்தினூடே ஓடும். தோலையும் செதிலையும் தின்பதால் ரத்தத்தில் உள்ள மருந்து அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. உடம்பின்மேல் போடும் மருந்துதான் வேண்டும். கூர்த்தலையும் நீலச்சாம்பல் நிறமுமாக ஒட்டிக் கிடப்பது உறிஞ்சும் பேன். அதற்கு ஊசி வேலை செய்யும். எருமைக் கன்றுகளைச் சோகை பிடிக்க வைப்பதும் உறிஞ்சும் பேன்தான்.

நாய்க்கு உண்ணி போகப் போடும் ஃபிப்ரோனில் மருந்தைக் கோழிக்குத் தெளிக்காதீர்கள். செள்ளுக்காக அதைப் பயன்படுத்தி, அது முட்டையில் கலந்ததால்தான் 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. அதைவிட, மழை படாத இடத்தில் ஒரு தொட்டி வைத்துக் காய்ந்த மணலும் சலித்த சாம்பலுமாகப் பத்துப் பங்கும், ஒரு பங்கு கந்தகத்தூளும் கலந்து நிரப்பிவிடுங்கள். கோழி தானாகவே புரளும், கந்தகம் பேனை நன்றாகக் கட்டுப்படுத்தும். கலவை ஈரமானால் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

எல்லா உருப்படிக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். சந்தையில் வாங்கியதை இரண்டு முறை மருந்து முடியும்வரை தனியே கட்டுங்கள். பட்டியில் ஒன்றுக்கு மட்டும் பேன் அப்பிக் கிடந்தால் அதன் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், வாயையும் பாருங்கள். குடற்புழுவாலோ வாய்ப்புண்ணாலோ இளைத்துப்போய், உடம்பை நக்கித் தேய்க்கத் தெம்பில்லாத உருப்படியில்தான் பேன் அப்படிப் பெருகும்.