ஊரைக் கேட்காமல் ஊரைப் பற்றி எழுதலாமா? பூர்வகுடி ஊர்களில் குடிப்பழக்கம், தற்கொலைத் தடுப்பு ஆய்வுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979-இல் அலாஸ்காவின் வடகோடியில், பாரோ என்ற ஊரில், குடிப்பழக்கம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. எண்ணெய்ப் பணம் வந்து, அதோடு குடியும் பெருகியிருந்த காலம் அது. வெளியூர் ஆய்வாளர்களை உதவிக்கு அழைத்ததே உள்ளூர் நிர்வாகம்தான். வந்தவர்கள் 88 பேரிடம் கேள்வித்தாளை வைத்துக் கேட்டு, முக்கால்வாசிப் பேர் குடிநோயாளிகள் என்று கணக்கிட்டார்கள். 1980 ஜனவரியில் பத்திரிகையாளர்களைக் கூட்டி முடிவை அறிவித்தார்கள். கூட்டம் நடந்த இடம் பாரோ அல்ல. 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பிலடெல்பியா. ஊர் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குள், அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் என்றாலே குடிகாரர்கள் என்ற செய்தி அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது.

அந்த ஊர் இப்போது உத்கியாவிக் என்ற தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அந்தச் செய்தி ஏற்படுத்திய காயம் இன்றும் ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. சமூகப்பணியோ பொதுச் சுகாதாரமோ படித்துவிட்டு, நல்ல மனதோடு தொலைதூரக் கிராமங்களுக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கெட்ட எண்ணத்தால் நடந்த தவறுகளைவிட, ஊரைக் கேட்கத் தோன்றாததால் நடந்த தவறுகளே அதிகம்.

பாரோவில் நடந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முடிவு முதலில் யார் கைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. வேறு மக்களுக்காகச் செய்த கேள்வித்தாளை அப்படியே கொண்டுபோய்ப் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று மட்டுமே கேட்டார்கள். மூன்றிலும் ஆழமான தவறு இதுதான் என்பேன்.

1990-களில் அலாஸ்கா பூர்வகுடித் தலைவர்கள் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எங்களில் குடிப்பவர்களை எண்ணியது போதும், குடிக்காமலே வாழ்கிறவர்களும் குடியை விட்டவர்களும் எப்படி அதைச் செய்தார்கள் என்று பாருங்கள் என்றார்கள். அப்படிப் பிறந்த ஆய்வில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டு மோஹட் போன்ற உளவியலாளர்கள் ஊர் மூத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். எண்களை வைத்துத் தொடங்கவில்லை, வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொடங்கினார்கள். யார் வளர்த்தார்கள், யார் கண்டித்தார்கள், எந்தச் சொல் மனதில் நின்றது என்று கேட்டார்கள். அந்தக் கதைகளிலிருந்துதான் பின்னாளில், அலாஸ்காவின் இன்னொரு பூர்வகுடியான யூப்பிக் மக்களின் ஊர்களில் ‘குங்காஸ்விக்’ என்ற தடுப்புத் திட்டம் உருவானது. அந்தச் சொல்லுக்குக் கருவிப்பெட்டி என்று பொருள்.

யூப்பிக் மக்கள் வாழும் யூகான்–குஸ்கோக்விம் கழிமுகத்தில் ஊருக்கு ஊர் சாலை கிடையாது. சிறு விமானம், படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, அவ்வளவுதான். இளைஞர் தற்கொலை அங்கே பெரிய துயரம். வெளியிலிருந்து வருகிறவர் பிள்ளைகளிடம் சாவைப் பற்றியே நேராகக் கேள்வி கேட்பார். கெட்டதைத் திரும்பத் திரும்பப் பேசினால் அது பக்கத்தில் வரும், சொல்லுக்குச் சக்தி உண்டு என்பது யூப்பிக் மூத்தவர்களின் நம்பிக்கை. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுக் கேள்வித்தாளை நீட்டுவது அடுத்த தவறு. இங்கே ஆய்வாளர்கள் மூத்தவர்களின் பேச்சைக் கேட்டார்கள். சாவைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக ‘வாழ்வதற்கான காரணங்கள்’ என்ற அளவுகோலை உருவாக்கினார்கள்.

இதில் புள்ளியியலும் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊரில் ஓராண்டில் தற்கொலை ஒன்றுமில்லாமலும் போகலாம், ஒன்றிரண்டு நடக்கவும் செய்யலாம். அந்த எண்ணை வைத்துத் திட்டம் பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளையை வாழ்க்கையோடு பிணைத்து வைத்திருக்கும் விஷயங்கள் கூடியதா என்று அளந்தால் ஏதாவது தெரியும். மூத்தவர்களின் பண்பாட்டு அறிவும் புள்ளியியலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சரி, குங்காஸ்விக் திட்டத்தில் என்ன செய்கிறார்கள்? உறைந்த ஆற்றில் கோலால் தட்டிப் பார்த்து நடக்கப் பெரியவர் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறார். நடந்துகொண்டே, அவசரப்பட்டு அடி வைக்காமல் வாழ்வது பற்றியும் பேசுகிறார். எதை, எப்போது, யார் கற்றுத்தருவது என்பதை ஊரே கூடி முடிவு செய்கிறது. இதைக் கைப்பற்றி, பன்னிரண்டு வார வகுப்பாக அச்சடித்து, எல்லா ஊருக்கும் ஒரே அளவில் கொடுக்க நினைப்பதும் தவறுதான். கோடையில் சால்மன் மீன் வரும்போது குடும்பங்கள் ஆற்றோர மீன்பிடி முகாமில் இருக்கும். செப்டம்பரில் மூஸ் மான் வேட்டை. அந்த வாரங்களில் கூட்டம் போட்டுவிட்டு, ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

ஒப்பீட்டுக் குழு, அதாவது திட்டம் பலித்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அது கிடைக்காதவர்களைக் கொண்ட குழு, பற்றியும் சொல்ல வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்குத் திட்டம் உண்டு, மீதிப் பேருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கினால், எல்லோரும் உறவினராக இருக்கும் ஊர் ஏற்காது. ஏற்கவும் கூடாது. எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்கு அடுத்து என்று வரிசை வைத்து, காத்திருக்கும் காலத்தில் எடுத்த அளவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசியில் எல்லாருக்கும் கிடைத்துவிடும்.

ஆய்வு மட்டும் செய்துவிட்டு உதவி எதுவும் தராமல் கிளம்புவது இன்னொரு பழைய வழக்கம். இதற்கு மாறாக, மேற்கு ஆஸ்திரேலியாவின் பிட்ஸ்ராய் கிராசிங் என்ற ஊரில் 2007-இல் பூர்வகுடிப் பெண்களே போராடி, கடையில் வாங்கிச் செல்லும் மதுவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அப்புறம், கர்ப்பத்தில் மது பட்டதால் பிள்ளைகளுக்கு என்ன பாதிப்பு என்று அறிய அவர்களே ஆய்வாளர்களை அழைத்தார்கள். ஊர்ப் பெண் தலைவர்களான ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் ஆகியோர் முன்னின்றார்கள். தாய்மாரைக் குற்றவாளி ஆக்கக்கூடிய கேள்வி அது. ஆனாலும் தகுதியான 134 பிள்ளைகளில் 127 பேரின் குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. ஏனென்றால், இந்த ஆய்வு வேண்டும் என்று கேட்டதே ஊர்க்காரர்கள். பரிசோதித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்து என்ன சிகிச்சை, என்ன உதவி என்று திட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒப்புதல். ‘ஒரு முறை கையெழுத்து வாங்கிவிட்டோம்’ என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவசுப்பாய் பூர்வகுடி மக்களின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஊருக்கும் சாலை இல்லை. நடந்தோ கோவேறு கழுதையிலோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். நீரிழிவு அவர்களை வாட்டியது. அதற்கு விடை கிடைக்கும் என்று நம்பி 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் பின்னர் மனச்சிதைவு, உறவுக்குள் திருமணம், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பன பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. வழக்கு நடந்து, 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. மீதமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். ரத்தம் அவர்களுக்குப் புனிதமானது. கொடுத்த சிலர் அதற்குள் இறந்திருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தையும் சேர்த்துத்தான் உறவினர்கள் பெற்றுக்கொண்டார்கள்.