கப்பல் டைனிங்கில் புதிதா? யார் என்ன வேலை, நாற்காலியை எப்படி எண்ணுவது

மெடிக்கல், எஸ்.டி.சி.டபிள்யூ. (கப்பல் பாதுகாப்புப் பயிற்சி), விசா எல்லாம் முடித்து அசிஸ்டென்ட் வெயிட்டராகச் சொகுசுக் கப்பலில் ஏறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் இரவைத் தாண்டுவதற்குத்தான் இது.

முதலில் ஆட்கள்

கூடம் முழுவதும் மேட்ர டீ பொறுப்பு. விருந்தினர் மேசை மாற்றிக் கேட்டால் அவரிடம் அனுப்பிவிடுங்கள். அடுத்து ஹெட் வெயிட்டர். அலர்ஜி உள்ளவர்கள் நாளைய சாப்பாட்டை இன்றிரவே அவரிடம் சொல்லிவைப்பார்கள். ஒயினுக்கு சோமலியே. ஆர்டர் எடுத்துப் பரிமாறுவது வெயிட்டர். ரொட்டி, தண்ணீர், காபி, தட்டு எடுப்பது நாம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். எங்கள் கப்பலில் கேலியிலிருந்து சாப்பாட்டைத் தூக்கி வந்ததும் நான்தான். (கேலி என்றால் கப்பல் சமையலறை. முதல் வாரம் உங்களைப் பார்த்து நடக்கும் கேலி வேறு.)

அப்புறம் நாற்காலி

நான் சறுக்கியது இங்கேதான். ஆர்டர் சீட்டில் பெயர் இருக்காது, நாற்காலி நம்பர்தான் இருக்கும். வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலியை 1 என்று வைத்து, கடிகாரச் சுற்றில் எண்ணியிருந்தார் என் வெயிட்டர். நானோ, நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து எண்ணினேன். சைவம் சொல்லியிருந்த அம்மாவின் முன்னால் மூடியைத் திறந்தால் ஆட்டுக்கால்! அவர் சிரித்துவிட்டார். ஹெட் வெயிட்டர் சிரிக்கவில்லை. அது கடலை அலர்ஜி உள்ளவரின் தட்டாக இருந்திருந்தால் டாக்டரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அதனால் கதவு திறக்கும் முன் வெயிட்டரோடு மேசை மேசையாகப் போய் 1-ஆம் நாற்காலியைக் கையால் தொட்டுப் பாருங்கள். வட்ட மேசையை இரண்டு தடவை. மறுநாள் கணவனும் மனைவியும் இடம் மாறி உட்காருவார்கள். நம்பர் நாற்காலிக்குத்தான், ஆளுக்கு இல்லை.

தட்டம்

நீள்வட்டத் தட்டத்தில் முதலில் ஈரத்துணி விரியுங்கள், இல்லையென்றால் கப்பல் ஆடும்போது தட்டுகள் நகரும். கனமானவை நடுவிலும் தோள் பக்கத்திலும். முழங்காலை மடக்கித் தூக்குங்கள், இடுப்பை வளைத்தால் இரண்டே நாளில் படுத்துவிடுவீர்கள். கேலிக்குள் போகும் கதவு வேறு, வரும் கதவு வேறு.

முதல் பந்தி மாலை 6 மணி வாக்கில், இரண்டாவது எட்டேகால் வாக்கில். இடையில் மேசைவிரிப்பு முதல் ஸ்பூன் வரை எல்லாம் மாற்ற வேண்டும். முதல் பந்தியில் காபி ஊற்றும்போதே அடுத்ததற்கான நாப்கின்களை மடித்து வைத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியதில் ஷூ ஒன்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள். வழுக்காத அடிப்பாகம் இருக்கட்டும், கேலித் தரை எப்போதும் ஈரம். பேனா மூன்று வையுங்கள், விருந்தினர் ஒன்றையாவது எடுத்துப் போய்விடுவார்கள். ஒயின் திறக்க மடக்கு வகையே போதும், இறக்கை வைத்தது பாக்கெட்டில் அடங்காது.

பின்சேர்க்கை: “சி.டி.சி. வருகிறது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், என் சி.டி.சி.தான் சரியாக இருக்கிறதே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். உங்களிடம் இருப்பது கப்பல் ஊழியருக்கு இந்தியா தரும் புத்தகம். வருவது அமெரிக்க நோய்த்தடுப்பு அமைப்பின் சுகாதாரச் சோதனை. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களில் சொல்லாமல் ஏறுவார்கள். 100-க்கு 85 வந்தாலும் ஃபெயில். குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே போகக்கூடாது, சூடானது 57-க்குக் கீழே இறங்கக்கூடாது, செல்சியஸில். உங்களைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.